இந்தச் சித்திரையை எழுதி வைப்போம்



சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், அதாவது ஏப்ரல் 16-ஐ ஒட்டி, சூரியன் பெரியகுளத்துக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அன்று நண்பகலில் மூன்றாந்தலில் உள்ள ஒரு மின்கம்பத்தைப் பார்த்தால் தெரியும். அதன் நிழல் காலடியிலேயே ஒடுங்கியிருக்கும். கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்தால் நிழல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், 12.20 வாக்கில்தான் மறையும். நம் நாட்டின் நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை நமக்கு வெகு கிழக்கே, 82.5 பாகையில் ஓடுகிறது. நாம் இருப்பது 77.5 பாகையில். அதனால் நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கும்போது சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். ஆனாலும் ஒரு மாதமாகத் தரை வாங்கி வைத்த சூடு எங்கும் போயிருக்காது.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது சித்திரையின் நடுவில்தான் இருப்பீர்கள். எனவே இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். சித்திரை முடியும்வரை உங்கள் வீட்டு வெயிலை நாள்தோறும் எழுதி வையுங்கள்.

“இந்த வருஷம் மாதிரி வெயில் பார்த்ததே இல்லை” என்று நாம் ஒவ்வொரு கோடையிலும் சொல்கிறோம். உண்மையாக இருக்கலாம். ஆனால் போன வருஷத்து வெயிலை உடம்பு மறந்துவிடும். வெக்கையை நினைவில் வைத்து ஒப்பிட மனிதரால் முடியாது. ஊட்டியில் 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி செல்சியஸ் பதிவானபோது, 1951-க்குப் பிறகு அங்கே இவ்வளவு சூடு வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. காரணம், எழுபது ஆண்டுக்கும் மேலாக ஒருவர் மாற்றி ஒருவர் வெப்பமானி இருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்து, பார்த்து, குறித்து வைத்திருக்கிறார்கள். அதே கோடையில் ஈரோடு, சேலம், கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் 42 டிகிரியைத் தாண்டியதும் நமக்குத் தெரியும். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டை இறக்கியவரின் தலைக்கு மேல் அன்று எத்தனை டிகிரி? கைலாசபட்டித் தோப்பில் காய் பறித்தவருக்கு? வீட்டுச் சுவரில் ஒரு காகிதம் இருந்தால்தான் பதில் இருக்கும்.

வானிலைச் செய்தியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மதுரையையும் கொடைக்கானலையும்தான். நாம் இரண்டுமல்ல. ஊர் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே தெரியும் கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, இங்கே 38 இருக்கும் நேரத்தில் அங்கே 26 இருக்கும். பறவையின் கணக்கில் அது பக்கத்து ஊர்தான். கைப்பேசிச் செயலிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்ணைக் கணக்கிட்டுத் தருகின்றன. ஒரே கட்டத்துக்குள் தாமரைக்குளத்து வயலும் அகமலைச் சரிவும் விழுந்தால் அந்த எண் இரண்டுக்கும் பொருந்தாது. சமவெளியில் இருப்பவருக்கு அது சின்னக் குறை. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கோ அதுதான் முழுச் சிக்கல்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. வட்டாரத்துக்கு ஒன்றாக 385 தானியங்கி வானிலை நிலையங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவியது. அண்மையில் மாநிலம் முழுக்கத் தானியங்கி மழைமானிகளும் வைக்கப்பட்டன. அவை வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் தென்கரையில் ஓட்டு வீட்டுக்குள் இரவு பதினோரு மணிக்கு என்ன சூடு என்பதை எந்த நிலையமும் அளக்காது.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில்தான் எல்லாமே இருக்கிறது.

வானிலை ஆய்வு நிலையங்களில் நான்கு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைப் பள்ளிக் காலத்தில் யாராவது உங்களுக்குக் காட்டியிருக்கலாம். பக்கங்களெல்லாம் சாய்வான மரச்சட்டங்கள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. வெயில் நேராக வெப்பமானிமேல் விழுந்தால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. காற்றின் சூட்டை அல்ல. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானே வரும். தரையிலிருந்து நான்கடி உயரம். நாள் முழுக்க நிழல். நாலு பக்கமும் காற்றோட்டம். சுவரை ஒட்டி வேண்டாம். சிமெண்டுத் தரைக்கு மேல் வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். வேப்பமரமோ புளியமரமோ இருந்தால் நல்லது. கருவி விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. கோழிப்பண்ணைகளில் தொங்கவிடும் வெப்பமானி போதும்.

நேரம் மாறக் கூடாது. காலை 8.30 ஒரு முறை; இந்திய வானிலைத் துறை மழைக் கணக்கை முடிப்பதும் அந்த நேரத்தில்தான். பிற்பகல் 2.30 இன்னொரு முறை. உச்சி வெயில் நண்பகலில் என்றாலும் காற்று மிகவும் சூடாவது இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில்தான். கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். மூச்சுக் காற்று படும்முன் எண்ணை எடுத்துவிடுங்கள். பார்த்த உடனே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று சமையற்கட்டுக்குள் போனால் 37 என்பது 39 ஆகிவிடும். எண்ணோடு செல்சியஸா பாரன்ஹீட்டா என்பதையும் எழுதுங்கள். நம் செய்தித்தாள்களில் வெயில் ‘சதம்’ அடிப்பது பாரன்ஹீட்டில், அது 37.8 செல்சியஸ்தான். வெப்ப அலை என்று வானிலைத் துறை பேசத் தொடங்கும் 40 செல்சியஸுக்குச் சமமானது 104. இந்த இரண்டு அளவும் ஒரே நோட்டில் கலந்துவிட்டால் அந்த நோட்டால் பயனில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்து ஒரு எண்ணைப் போட்டு நிரப்ப மனம் தூண்டும். வேண்டாம். காலியான கட்டத்தைப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரியும். ஊகித்துப் போட்ட எண் பக்கத்தில் உள்ள உண்மையான எண்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

தவறாக எழுதிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்களுக்காக லிபியாவின் கதை. 1922 செப்டம்பர் 13 அன்று அல் அஸிஸியா என்ற இடத்தில் 58 டிகிரி பதிவானது. உலகிலேயே மிக உயர்ந்த வெப்பநிலை என்று பள்ளிப் புத்தகங்களில் தொண்ணூறு ஆண்டுகள் அது அச்சாகிக்கொண்டே இருந்தது. பல நாட்டு வல்லுநர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து, 2012-இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. சுற்றுப்பட்ட ஊர்களின் எண்களோடு அது ஒட்டவில்லை. கருவி பழையது. பழக்கமில்லாத ஒருவர் அதைத் தவறாகப் படித்து, ஏழு டிகிரி அளவுக்குக் கூட்டி எழுதியிருக்கக்கூடும் என்று முடிவு செய்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அந்த மாதத்தின் பதிவுத்தாள் லிபியாவில் பத்திரமாக இருந்தது. அதில் சரியாக அந்த நாட்களில் கையெழுத்து மாறியிருந்தது. புதிதாக வந்தவர் எண்களைத் தவறான கட்டங்களில் எழுதியிருந்தார். தாள் கிடைத்ததால் தவறும் கிடைத்தது. எழுதிய தவறைத் தொண்ணூறு ஆண்டு கழித்தும் திருத்த முடிந்திருக்கிறது. எழுதாமல் விட்ட நாளை யாராலும் திருத்த முடியாது. எனவே பயப்படாமல் எழுதுங்கள். யார் எழுதியது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். வீட்டில் அப்பா இல்லாத நாளில் மகள் பார்த்தால் மகள் பெயரின் முதலெழுத்தைப் போடட்டும்.

இயந்திரம் என்றால் பிழை வராது என்றும் எண்ண வேண்டாம். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று ஒரு தானியங்கி நிலையம் காட்டியது. நாடே பதறியது. பக்கத்து நிலையங்கள் எதுவும் அந்த அளவைக் காட்டவில்லை. வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, அந்த உணர்கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று அறிவித்தது. ஒரு கருவியின் பொய்யைப் பக்கத்துக் கருவிதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஒரு வீடு எழுதினால் போதாது என்கிறேன். வடகரையில் ஒருவர், தென்கரையில் ஒருவர், மேல்மங்கலம், ஜெயமங்கலம், எண்டப்புளி, சில்வார்பட்டி, தேவதானப்பட்டி என்று ஆங்காங்கே எழுதும்போது, வழி தவறிய எண் தானே தனித்துத் தெரியும்.

தமிழ் மண்ணுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் 1796 முதல் வானிலையைக் குறித்து வந்திருக்கிறார்கள். இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-இல். அதற்கும் எண்பது ஆண்டு முந்தியது அது. அந்த ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன் அப்பாவிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1881-இல் சென்னை அரசாங்கத்தின் வானிலைப் பொறுப்பையே ஏற்றார். ஒரு பெண் இத்தகைய பதவியில் அமர்வது அந்நாளில் அபூர்வம். பின்னர் வான்நோக்கும் பணி நம் மலைக்கு ஏறியது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவருகிறது. சூரியனை நாள் தவறாமல் பார்க்கும் இடம் நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையில் இருக்கிறது. அதே சூரியன் அடிவாரத்தில் செய்வதை நாம் எழுதுவோம்.

இனி, எண் அல்லாதவை. என்னைக் கேட்டால் இவைதான் நோட்டின் உயிர்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் பிஞ்சு எப்போது அதிகம் உதிர்ந்தது, காசாவா செந்தூரமா கல்லாமையா எது முதலில் வெம்பியது, எந்தக் காற்றில் எவ்வளவு காய் கீழே விழுந்தது என்று எழுதுங்கள். குத்தகைக்கு எடுத்தவருக்கு அது ஒரு வருஷத்துக் கணக்கு. பத்து வருஷம் சேர்ந்தால் அதற்கு வேறு மதிப்பு வந்துவிடும். ஜப்பானில் கியோட்டோ நகரின் செர்ரிப் பூ எந்த நாளில் பூத்தது என்ற குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் பூ விழாவுக்காக எழுதி வைத்தவை. பூமி சூடாகிறதா என்று ஆராய்பவர்களுக்கு இன்று அவை பெரும் சான்று. எழுதியவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். முருங்கையிலும் தக்காளியிலும் ‘பி.கே.எம்.’ என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ரகங்களை நாட்டுக்குக் கொடுத்தது நம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். மா பூத்த நாளை இருபது தோப்புக்காரர்கள் எழுதி வைத்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

காற்று. பகலில் சூடேறிய காற்று சரிவில் மேலேறும். இருட்டிய பின் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். அந்த மலைக்காற்று உங்கள் வாசலுக்கு எத்தனை மணிக்கு வருகிறது? ஏழு மணிக்கா, பத்து மணிக்கா, வராமலே போனதா? இதற்குக் கருவியே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் போதும். மலையடிவாரத்து ஊருக்கு அந்தக் காற்றுதான் இரவில் உயிர் தருகிறது. அது பிந்தும் இரவுகளில் குழந்தைகளும் வயதானவர்களும் தூங்குவதில்லை. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவில்தான். எனவே விடியற்காலை வெப்பநிலையை எழுத முடிந்தால், அதைப் பகல் எண்ணைவிடவும் மேலாக மதிப்பேன். எல்லோரும் உச்சத்தையே பார்க்கிறோம். 39 டிகிரிப் பகலுக்குப் பின் 24-க்கு இறங்கிய இரவும் 29-இலேயே நின்றுவிட்ட இரவும் ஒன்றல்ல.

புழுக்கத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணியைச் சுற்றி, துணியின் நுனியைச் சின்னக் கிண்ணத் தண்ணீரில் விடுங்கள். நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பதும் இப்படித்தான். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மனைக்குள் இந்த இரட்டை வெப்பமானியை மாட்டியிருப்பார்கள். அவர்களைக் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். வெறுங்குமிழ் 38, ஈரக்குமிழ் 22 என்றால் காற்றில் ஈரம் கால் பங்குதான். ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்தபின் 36, 28 என்று காட்டினால் ஈரம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வெப்பநிலை இரண்டு டிகிரி குறைந்திருக்கிறது. ஆனால் வேர்வை காயாததால் உடம்புக்கு முன்பைவிட மோசம். ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் நல்ல ஆரோக்கியம் உள்ளவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது அறிவியலாளர்கள் கணிப்பு. வெயிலில் மண்வெட்டி பிடிப்பவர் அதற்கு வெகு முன்பே சாய்ந்துவிடுவார். நூறு நாள் வேலையிலும் செங்கல் சூளையிலும் இருக்கும் நம் பெண்களை நினைத்துத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

வெப்ப அலைக்கு வானிலைத் துறையில் விதி இருக்கிறது. சமவெளியில் 40, மலைப்பகுதியில் 30, கடற்கரையில் 37 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். அந்த நாளின் வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருக்க வேண்டும். ‘வழக்கமான அளவு’ என்பது முப்பது ஆண்டுப் பதிவிலிருந்து வருவது. பதிவே இல்லாத ஊருக்கு வழக்கமான அளவும் இல்லை; அங்கே எது அசாதாரணம் என்று காட்டவும் வழியில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல ஆணை. நம் வீட்டு நோட்டு அரசு ஆவணம் ஆகாது. ஆனாலும் பள்ளி நேரத்தை மாற்றச் சொல்லியோ, வேலைத்தளத்தில் நிழல் பந்தல் கேட்டோ ஊராட்சியிலும் நகராட்சியிலும் போய் நிற்கும்போது, வெறுங்கையோடு போவதைவிடத் தேதி போட்ட முப்பது வரிகளோடு போவது மேல். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்தி வெறுங்காலோடு நடப்பவர்களுக்குச் சாலையில் எந்த நேரத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதையும் அந்த வரிகள் சொல்லும். காற்று 39 இருக்கும்போது வெயில்பட்ட தார்ச்சாலை 55-ஐத் தாண்டிக் கொதிக்கும்.

மழையையும் விடாதீர்கள். அடியும் வாயும் ஒரே அகலமான பாட்டிலைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலால் பார்த்தால் மழைமானி தயார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர்; ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல். ‘ஒரு உழவு மழை’ என்று பெரியவர்கள் சொல்வது உங்கள் மண்ணில் எத்தனை மில்லிமீட்டர் என்று இந்தக் கோடையில் கண்டுபிடித்து எழுதுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள மிகுந்த ஆவல். ஊரில் ஒரு துளி விழாத நாளில் மேலே மலையில் கொட்டி, கும்பக்கரை அருவியில் தண்ணீர் பெருக்கெடுப்பதும், குளிக்கத் தடை போடுவதும் நமக்கு வழக்கம். அந்த நாளையும் குறியுங்கள். வராக நதியில் தண்ணீர் வந்த நாளையும்.

மலைக்கு அந்தப் பக்கம் கோட்டயத்தில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். மீனச்சில் ஆற்றுப் படுகை மக்கள் வீடுகளிலும் பள்ளிகளிலும் மழைமானி வைத்து, அளவைத் தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவர் சொன்ன எண்ணை வைத்துக் கீழே இருப்பவர் சாமான்களை மேலே தூக்கி வைக்கிறார். வயநாட்டில் ஹியூம் மையம் விவசாயிகளையும் தோட்டங்களையும் சேர்த்து இப்படி ஒரு வலையை நடத்துகிறது. 2024 ஜூலை நிலச்சரிவுக்கு முன் அபாய அளவை எட்டிய மழையைக் கண்டு மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததும் அவர்கள்தான்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. தேதி, காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு, மழை, காற்று, குறிப்பு என்று ஏழு பத்திகள். பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பாதி மாதம் போய்விட்டதே என்று தள்ளிப்போட வேண்டாம்; இன்று பிற்பகலிலிருந்து தொடங்கலாம். கருவி இல்லாதவர்கள் மலைக்காற்று வந்த நேரத்தையும் மழை பெய்த நாளையும் மட்டும் எழுதினாலும் எனக்குப் போதும். வைகாசி பிறந்ததும் தாளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கருவி எங்கே தொங்குகிறது, கூரை ஓடா தகரமா கான்கிரீட்டா, பக்கத்தில் மரம் உண்டா என்று பின்பக்கத்தில் இரண்டு வரி எழுத மறக்காதீர்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சித்திரையில் அதன் பக்கத்தில் ஒட்ட இன்னொரு தாள் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்